முன்வாசல்

ஜெபராணியின் ஆராய்ச்சி நிதி விண்ணப்பம் இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஒரு வாய்ப்புதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதுவும் போனால் சம்பளமில்லா விடுப்பை முடித்துக்கொண்டு நர்ஸாக வார்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். முனைவர் பட்டம் அதோடு சரி.

நெறியாளர் ஃபரீதா அவளைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் இவளுக்கு அவர் மேடம், அவருக்கு இவள் சிஸ்டர்.

“இதுல என்னதான் குறை மேடம்?”

சர்க்கரை நோயாளிகள் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஏன் வருவதில்லை என்பது ஆய்வு. முதல் பக்கத்திலேயே காரணம் எழுதியிருந்தது: அலட்சியம்.

“உங்க ஆஸ்பத்திரியில எத்தனை வருஷம் இருந்தீங்க?”

“இருபத்திரண்டு.”

“எந்த வாசல் வழியா உள்ள போவீங்க?”

“ஸ்டாஃப் எல்லாம் பின்வாசல்தான்.”

“நாளைக்கு முன்வாசல் வழியா போங்க. சுகர் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.”

“எனக்குச் சுகர் இல்லையே.”

“அதை அவங்க சொல்லட்டும்.”

மறுநாள், வியாழக்கிழமை, எட்டு மணிக்குப் போனாள். வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். செங்கல் சூளையில் வேலையாம்.

“புதுசாக்கா? ஆடி அசைஞ்சு வர்றீங்க. சீட்டு வாங்க ஆறு மணிக்கே வரணும். நானே இன்னிக்கு லேட்டு.”

சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுக்கும்போது மணி பதினொன்று. வெறும் வயிறு. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல், தலை நிமிராமல்: “ரிசல்ட் நாளைக்கு ரெண்டு மணிக்கு மேல.” அதே குரலில் ஜெபராணியும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

“நாளைக்கு வருவீங்களாம்மா?” என்று சூளைக்காரியிடம் கேட்டாள்.

“நல்லா கேட்டீங்க போங்க. ரெண்டு நாள் சேந்தாப்புல வரலைன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுருவான். என் ரத்தத்தை அவங்களே வச்சுக்கட்டும்.” சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியம் ஜெபராணி ஃபரீதாவின் துறைக்கு வந்தாள்.

“அலட்சியத்தை அடிச்சிட்டேன் மேடம். வேலை போயிரும்ங்கிற பயம்னு போட்டுரட்டுமா?”

“ஒருத்தங்க சொன்னதை வெச்சா?”

ஜெபராணி பேனாவை மூடி வைத்தாள்.

“அப்ப காரணம் தெரியாதுன்னுதான் எழுதணும். தெரியாதுங்கிறவளுக்கு எவன் மேடம் பணம் தருவான்?”

ஃபரீதா விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க சிஸ்டர் தரணும்?”