மிஸ்கீன் கூப்பிடும் நேரம்

“நல்லதுக்காகச் சொல்ற பொய்க்கும் அங்கே கணக்கு இருக்கா, பாவா?”

பாவாவின் மடியில் ஒரு சாம்பல் பூனை. அதன் காதை மடக்கிப் பிடித்து, எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி கறுப்பாக வந்தது.

“காதுல பூச்சி. தலையைப் பிடிங்க, பாய்.”

பதுருத்தீன் பிடித்தான். பூனை அவன் மணிக்கட்டில் கோடு போட்டது.

“பார்த்தீங்களா? உங்களை ஒண்ணும் செய்யாது. என்னைக் கண்டா மட்டும் பிராண்டும்.”

“நான் பேசிக்கிட்டே பிடிக்க மாட்டேன்.”

பாவா என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பதுருத்தீனைவிடச் சின்னவர். உப்பளத்துக்கு அந்தப் பக்கம், பெரிய தர்காக்களின் பேச்சில் அடிபடாத ஒரு சின்ன அடக்கஸ்தலம். அதைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிறவர். ஊரில் எந்தப் பூனைக்கு வயிறு பெருத்தாலும் அங்கேதான் வந்து குட்டி போடும்.

பதுருத்தீன் யாரென்று கேட்டால், யாராக வேண்டுமானாலும் இருப்பான். நோட்டீஸில் ‘பலகுரல் பதுரு’ என்று போடுவார்கள். கோயில் கொடை, மாதா திருவிழா, சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம், எங்கே மைக் நிற்கிறதோ அங்கே அவன் நிற்பான். பின்னால் வரும் லாரி, விசில் விடும் குக்கர், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” அம்மாள், ஓட்டுக் கேட்கும் தலைவரின் தொண்டைக் கனைப்பு எல்லாம் ஒரே தொண்டையில் குடியிருந்தன.

வெள்ளிக்கிழமை ஊரில் இருந்தால் பாவாவிடம் வந்துவிடுவான். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வான். பாவா ஆமாம் என்றதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

சீடனுக்கு ஒரு சேட்டை உண்டு. பாவா உள்ளே இருக்கும்போது வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு பாவாவின் குரலிலேயே, “போங்க, நல்லதே நடக்கும்” என்று துஆ கொடுத்து அனுப்புவான். அவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள்.

அவன் மகள் சுமையாவுக்கு பாவா ஒரு பூனைக்குட்டி கொடுத்த அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். உள்ளே பாவா பிள்ளையின் காதருகே குனிந்து, குட்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிறையச் சொன்னார். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. பதுருத்தீன் காதில் ஒன்றும் விழவில்லை. வாசலில் கூட்டம்.

“என்ன பொய்?” என்றார் பாவா இப்போது.

“மிஸ்கீன் செத்துட்டான், பாவா.”

துணி நின்றது.

மிஸ்கீன் அந்தக் குட்டிதான். முழுக் கறுப்பு, ஒரு முன்காலில் மட்டும் வெள்ளை. ஏழை, பாவப்பட்டது என்று பொருள் வரும் அந்தப் பெயரை வைத்தவரும் பாவாதான்.

“மீன் வேன் அடிச்சிருச்சு. கச்சேரி முடிஞ்சு விடிகாலையில வர்றேன், ரோட்டுல கிடக்கான். துண்டுல சுத்தி உடைமரத்தடியில புதைச்சேன். பிள்ளை தூங்கிட்டிருந்தா.”

“சொல்லல.”

“எப்படிச் சொல்ல? அவ இதயத்தைப் பார்த்துட்டு டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?” பதுருத்தீனின் குரல் தானாகவே மூக்குக்கு ஏறியது. “‘லுக் மிஸ்டர் பதுருத்தீன், ஆபரேஷன் வரைக்கும் பேஷன்ட் அழவே கூடாது. அழுதா உதடு நீலமாகும். நீலமானா நான் பொறுப்பில்ல.’”

குரல் அப்படியே டாக்டர். பாவா சிரிக்கவில்லை.

“போன ரமலான்ல அவ உம்மா கண்ணை மூடினப்போ அழுதா. அப்ப நீலமாச்சு. கையில ஏந்திக்கிட்டு ஓடினேன், பாவா. இந்தக் கையில.”

அவன் கையைப் பார்த்தான். பூனை போட்ட கோட்டில் ரத்தம் துளிர்த்திருந்தது.

“அதான், பொழுது சாயிறப்போ பின்பக்கம் போய் நானே கத்துறேன். மிஸ்கீன் மாதிரி.”

“கத்துங்க, கேப்போம்.”

பதுருத்தீன் எழுந்து சுவருக்குப் பின்னால் போனான். கண்ணுக்குத் தெரிந்துகொண்டு குரல் கொடுப்பது அவன் தொழிலுக்கு இழுக்கு.

முதலில் ஒரு விசாரிப்பு. பிறகு ஒரு கெஞ்சல். கடைசியில், கதவைத் திறக்காதவர்கள் மேல் நீளமாக ஒரு புகார்.

முற்றத்துப் பூனைகள் அத்தனையும் தலையைத் தூக்கின. ஒரு கிழட்டுக் கடுவன் வாலை விறைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்க்கவே போய்விட்டது.

“பக்கத்து வீட்டு ஜரீனா ராத்தாவே ஏமாந்துட்டாங்க,” என்று திரும்பி வந்தான். தன்னை மீறி ஒரு பெருமை. “மதிலுக்கு மேல மீன் தலை போடுறாங்க.”

“பிள்ளை?”

“அவளும்தான்.”

“முதல் நாள் கேட்டதும் என்ன செஞ்சிச்சு?”

“கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. தூங்கிட்டாளோன்னு நினைச்சேன். அப்புறம், ‘வந்துட்டானா வாப்பா? சோறு வைங்க’ன்னா.”

“அப்புறம்?”

“இப்ப அவளே அனுப்புறா. ‘மிஸ்கீன் கூப்பிடுற நேரமாச்சு, பின்பக்கம் போய்ப் பாருங்க வாப்பா’ன்னு. போய்க் கத்துறேன். சோறு வைக்கிறேன். நாய் தின்னுட்டுப் போவுது.”

பாவா பூனையை இறக்கிவிட்டார். அது காதை உதறிக்கொண்டு நடந்தது.

“ஒரே ஒரு உதவி, பாவா. இதே மாதிரி ஒரு கறுப்புக் குட்டி இருந்தாக் குடுங்க. காலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிறேன். ஆபரேஷன் முடியிற வரைக்கும்.”

பாவா உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு காலி அட்டைப்பெட்டி இருந்தது. பூனை படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த பெட்டி, முடி ஒட்டியிருந்தது.

“பூனை செய்ங்க. பிள்ளையோட உக்காந்து.”

“அட்டையிலயா?”

“அட்டை, பழைய துணி, மைதா பசை போதும். அவ சொல்றபடி செய்ங்க. நூலைக் கீழே போடாதீங்க, பூனை முழுங்கிரும். குடல்ல சிக்கும்.”

“பூனையே இல்லியே, பாவா.”

“நூலைக் கீழே போடாதீங்க.”

“நான் பொய்யைப் பத்திக் கேட்டேன். நீங்க கைவேலை சொல்லித் தர்றீங்க.”

“மேடை வேணாம்,” என்றார் பாவா. “செஞ்சு முடிக்கிற வரைக்கும்.”

பேசாமல் செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் பதுருத்தீன் வீட்டில் மகளின் கட்டிலில் உட்கார்ந்தான். சுமையா இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். கத்தரி அவன் கையில். அவள் விரலால் காற்றில் வரைந்து காட்ட, அவன் வெட்டினான்.

“காது அவ்வளவு பெருசு இல்ல, வாப்பா. இடது காதுல ஒரு வெட்டு. கடுவன் கடிச்சது.”

“எப்பக் கடிச்சுச்சு?”

“நீங்க கச்சேரிக்குப் போயிருந்தீங்க.”

பழைய கறுப்புக் குடைத்துணியைப் பசை தடவி ஒட்டினார்கள். விளக்குமாற்று ஈர்க்கைச் சீவி மீசை வைத்தார்கள். கண்ணுக்கு அவள் உம்மாவின் தையல் டப்பாவிலிருந்து இரண்டு பொத்தான்கள். டப்பாவைத் திறந்ததும் அறை சும்மா இருந்தது.

பதுருத்தீனால் சும்மா இருக்கும் அறையைத் தாங்க முடியாது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்று ஆரம்பித்தான். “கட்டிலிலிருந்து புறப்படும் மிஸ்கீன் எக்ஸ்பிரஸ், வால் ஒட்டப்படாத காரணத்தால் தாமதமாக...”

பிள்ளை சிரித்தது. சிரிப்பு மூச்சில் முடிந்தது, மூச்சு விசிலானது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவனும் காத்திருந்தான். உதட்டையே பார்த்தபடி.

நிறம் திரும்பியது.

“உம்மா குரல்ல மட்டும் பேசிராதீங்க, என்ன?”

“அதான் அப்பவே சத்தியம் பண்ணிட்டேனே.”

“சும்மா சொன்னேன்.”

வாயை மட்டும் அவளே செய்தாள். பிளேடு கேட்டாள், கொடுத்தான். வாயை அகலத் திறந்து வெட்டி, உள்ளே சிவப்புத் துணி ஒட்டினாள். பிறகு தலையணையின் பிரிந்த தையலிலிருந்து பஞ்சைப் பிய்த்து, அந்த வாய்க்குள் அடைத்தாள். விரலால் குத்திக் குத்தி, தொண்டை வரைக்கும்.

“இது எதுக்குடா?”

“பாவாகிட்ட காட்டுங்க. சரியா இருக்கான்னு கேளுங்க.”

“பூனை வாயில பஞ்சு இருக்குமா?”

“அவங்களுக்குத் தெரியும்.”

சன்னலில் வெளிச்சம் சிவந்தது. பிள்ளை அதைப் பார்த்தது, அவனைப் பார்த்தது.

“நேரமாச்சு, வாப்பா.”

பின்பக்கம் போனான். உடைமரத்தடியில் மண் இன்னும் மேடாக இருந்தது. அதன் பக்கத்திலேயே நின்று கத்த வேண்டியிருந்தது. விசாரிப்பு வந்தது. கெஞ்சல் வரும்போது குரல் கீறியது. மதிலுக்கு மேலிருந்து மீன் தலை விழுந்தது.

திரும்பி வந்தபோது பிள்ளை கண்ணை மூடியிருந்தது.

“சோறு வச்சீங்களா?”

“வச்சாச்சு.”

“தொண்டை கட்டியிருக்கு அவனுக்கு.”

“ஆமா. பனி.”

“நீங்க வெளியில ரொம்ப நேரம் நிக்காதீங்க,” என்றாள்.

மறுநாளே பாவாவிடம் போனான். வெள்ளி வரை பொறுக்கவில்லை. அட்டைப்பூனையைப் பாயில் நிறுத்தினான்.

நிஜப் பூனைகள் வந்து மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகின.

“எல்லாம் அச்சு அசல், பாவா. காது, கால், மீசை. அந்தப் பஞ்சைத் தவிர.”

பாவா குனிந்து வாய்க்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பஞ்சுதான் அச்சு அசல்.”

“புரியல.”

“மிஸ்கீன் உங்ககிட்ட எப்படிச் சோறு கேப்பான்?”

“இது என்ன கேள்வி.” பதுருத்தீன் தொண்டையைச் சரி செய்துகொண்டு வாயைத் திறந்தான்.

அவனுக்குத் தெரிந்தவரை மிஸ்கீன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவான். அண்ணாந்து பார்ப்பான். வாய் திறக்கும், உள்ளே ரோஜா நிறம். அப்போது பதுருத்தீன் என்ன செய்துகொண்டிருப்பான்? லாரி. குக்கர். தலைவர். பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தத் திறந்த வாயிலிருந்து என்ன வந்தது என்று தேடினான். தேடித் தேடிப் பார்த்தான். தன் குரல்தான் கிடைத்தது.

“அவன் தாய் அஞ்சு குட்டி போட்டுச்சு,” என்றார் பாவா. “நாலு கத்துச்சு.”

பதுருத்தீன் சிரித்தான். வழக்கத்தில் வந்த சிரிப்பு. பாதியில் அது போன இடம் தெரியவில்லை.

“பிள்ளைக்குத் தெரியுமா?”

“குடுக்கிற அன்னைக்கே சொன்னேன். ‘இது கூப்பிடாது, நீதான் பார்த்துக்கணும்’னு.”

“அப்போ முதல் நாளே, கத்துறது நான்தான்னு...”

பாவா அட்டைப்பூனையின் மீசையை நேராக்கினார்.

“தினமும் பொழுது சாயிறப்போ, அவளே என்னை...”

கடலிலிருந்து காற்று வந்தது. அட்டைப்பூனை சாய்ந்தது. பதுருத்தீன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னைக்கும் பொழுது சாயுமே, பாவா. நான் என்ன செய்ய?”

பாவா அவனை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

சத்தம் எதுவும் வரவில்லை.

மூடிக்கொண்டார். சாம்பல் பூனையை எடுத்து மடியில் போட்டு, அடுத்த காதை மடக்கினார்.

வீட்டுக்கு வந்தபோது சன்னல் சிவந்துவிட்டிருந்தது.

“பாவா என்ன சொன்னாங்க?”

“சரியா இருக்காம்.”

“ம்.” பிள்ளை சன்னலைப் பார்த்தது. “நேரமாச்சு, வாப்பா. பின்பக்கம்...”

பதுருத்தீன் பின்பக்கம் போகவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மிஸ்கீன் உட்காரும் இடம். அண்ணாந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

வாயைத் திறந்தான். லாரி வரவில்லை, டாக்டர் வரவில்லை, தலைவர் வரவில்லை. திறந்தபடியே வைத்திருந்தான்.

சுமையா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டி, காதுக்குப் பின்னால், மிஸ்கீனுக்குச் சொறிந்துவிடும் இடத்தில் விரலை வைத்தாள்.

“இப்பத்தான் சரியா வருது,” என்றாள்.

அவள் கீழுதடு நடுங்கியது. பல்லால் கடித்து நிறுத்தினாள்.

“இனிமே அழட்டுமா, வாப்பா?”