விரலால் காட்டிய மனை

எந்த ஆண்டு, எந்த நாடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது; முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குலவர்த்தனன் என்றொரு அரசன் இருந்தான். ஒரு கோடையில் அவனுக்கு அரண்மனை கசந்துபோயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மகளைக் கூப்பிட்டால் மகளுக்கு முன்னே நான்கு தாதிகள் வந்தார்கள். நெடுங்கல் மலையில் சின்னதாக ஒரு மரவீடு கட்ட வேண்டும், அதில் தானும் அரசியும் இரண்டு பெண்களும் மட்டும் இருக்க வேண்டும், அடுப்பைக்கூட அரசியே மூட்ட வேண்டும் என்று அவன் சபையில் சொன்னான்.

கட்டட வேலைகளுக்கெல்லாம் அதிகாரியான மாறபூதி மறுநாளே துணியில் ஒரு படம் எழுதிக் கொண்டுவந்தார். சின்ன வீட்டுக்கு ஏழு வாசல், இரண்டு மண்டபம். விகடகவி அம்பலக்கூத்தன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குள் அரசர் தம் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க ஒரு சிறு படையாவது வேண்டியிருக்கும் என்றான். சபை குலுங்கியது. மாறபூதியின் முகம் சுருங்கிவிட்டது. சிரித்து முடித்த அரசன், அப்படியானால் இடத்தை நீயே தேர்ந்துவிட்டு வா என்று கூத்தனை அனுப்பிவைத்தான்.

கூத்தனுக்கு நாக்கில் இருந்த சுறுசுறுப்பு காலில் கிடையாது. பல்லக்கில் மலையடிவாரம் வரைக்கும் போனான். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டான். அண்ணாந்து பார்த்தால் மலை செங்குத்தாக நின்றது, வெயில் வேறு. பாதி உயரத்தில் ஓர் ஓடையும் அதன் பக்கத்தில் ஒரு பலாமரமும் கொஞ்சம் சமதளமும் தெரிந்தன. கூட வந்த எழுத்தரிடம் விரலை நீட்டி, அதோ அந்த இடம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னான். பிறகு மர நிழலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

சபையிலோ வேறு கதை சொன்னான். தானே மேலே ஏறியதாகவும், முழ ஆழம் குழி தோண்டி எடுத்த மண்ணைத் திரும்பக் கொட்டிப் பார்த்ததாகவும், குழி நிறைந்த பிறகும் இரண்டு கை மண் மீந்ததாகவும் சொன்னான். மண் மீந்தால் நல்ல மனை. அரசன் மகிழ்ந்துபோனான்.

மாறபூதிக்கு மட்டும் சந்தேகம். நான்கு காவலரோடு மலை ஏறிப் பார்த்தார். அங்கே குழியும் இல்லை, குழி இருந்த தடமும் இல்லை. பலாமரத்துக்குப் பின்னால் ஒரு குடிசை இருந்தது. சடையன் என்பவனும் அவன் மனைவி பொம்மியும் கைக்குழந்தையோடு அதில் இருந்தார்கள். கூத்தன் பொய் சொன்னான் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாறபூதிக்கு அனுபவம் உண்டு: கூத்தன் ஏதாவது சொல்லுவான், அரசன் சிரிப்பான், குற்றம் அந்தச் சிரிப்போடு போய்விடும். அதனால் வேறு வழி பார்த்தார். விகடகவி காட்டிய இடம், அரசருக்கு வேண்டும் என்று சொல்லிக் குடிசையைப் பிரித்துப் போட்டு அவர்களை வெளியேற்றினார். அங்கே கயிறு கட்டிவிட்டு அரசனிடம் வந்தார்.

“அரசே, நானே நேரில் கண்டேன். வேற்றுக் கால் படாத மண் அது. மனை சீராகி முகூர்த்தக்கால் நடும் நாள் வரைக்கும் தங்கள் குடும்பத்தாரைத் தவிர வேறெவரும் அந்த மண்ணை மிதிக்கலாகாது என்று ஆணையிடுங்கள். இடத்தைத் தேர்ந்த கூத்தனே அதைப் பத்து நாளில் செப்பனிட்டும் தரட்டும்.”

குடும்பத்துக்கென்றே ஒரு மண் என்ற எண்ணம் அரசனுக்குப் பிடித்துப்போயிற்று. மண்ணை மிதிக்காமல் எப்படிச் செப்பனிடுவது என்று அவன் யோசிக்கவில்லை. ஆணை ஓலையில் ஏறியது. தவறினால் கூத்தன் நாட்டை விட்டே போக வேண்டும்.

இப்போதுதான் கூத்தன் முதன்முதலாக மலை ஏறினான். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தான். கதிர் அறுத்த தினைத்தாள் நின்றது. பிய்ந்த கூரைப்புல், அதனடியில் பாதி மறைந்து உடைந்த சட்டி, மூன்று அடுப்புக்கல். ஓடைக்கு மேலே ஒரு பாறை ஒதுக்கில் சடையனும் பொம்மியும் இருந்தார்கள். குழந்தை மரக்கிளையில் கட்டிய தூளியில் தூங்கியது. சடையன் எழுந்து கும்பிட்டான். பொம்மி எழுந்திருக்கவில்லை.

“கீழ நின்னு வெரலக் காட்டுன ஆளு நீங்கதானா?” என்று கேட்டாள்.

ஆமென்றான்.

“பொகை தெரிஞ்சிருக்குமே.”

தெரிந்துதான் இருந்தது. பலாமரத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு கோடு போல ஏறிய புகையை அன்று அவன் நன்றாகவே பார்த்திருந்தான். புகை இருந்தால் அடுப்பு இருக்கும், அடுப்பு இருந்தால் ஆள் இருப்பார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவன் அதற்கு மேல் யோசிக்காமல் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். முகம் சுட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சடையன்தான் பேசினான். சரிவில் மண் ஓடிப்போகாமல் கல் அடுக்கி அந்தச் சமதளத்தை உண்டாக்க ஏழு வருடம் ஆயிற்று என்று சொன்னான். இன்னும் இருபது நாளில் மழை விழும். அதற்குள் உழுது விதைக்காவிட்டால் வருடம் முழுக்கச் சாப்பாடு இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூத்தனுக்கு இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

இறங்கி வந்தவன் நேராக அரசனிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அரண்மனை வாசல் வரை போனான், திரும்பிவிட்டான். மறுநாளும் போனான், திரும்பிவிட்டான். நாடு போய்விடும் என்ற பயம் இல்லை. குழி தோண்டியதாகச் சொன்ன அந்தப் பொய்யை, தான் கைதட்டல் வாங்கிய அதே சபையில் நின்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. அரசனை ஏமாற்றாமல் அரசனையே அங்கே கொண்டுபோய் நிறுத்துகிற வழி. அப்போதும், தான் பேசாமல் அந்த மண் பேசட்டும் என்றுதான் நினைத்தான். அதிலும் ஒரு கோழைத்தனம் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது.

பத்தாம் நாள் எல்லாம் ஆயத்தம் என்று சொல்லி, அரசனையும் அரசியையும் இரண்டு இளவரசிகளையும் மலைக்கு அழைத்துப் போனான். மாறபூதியும் பின்னாலேயே வந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, இரண்டு கூடை ஆகியவை வரிசையாக இருந்தன. நிலம் மட்டும் அப்படியே கிடந்தது.

அரசன் முகம் சிவந்து இதற்கு என்ன பொருள் என்று கேட்டான்.

“அரசே, தங்கள் குடும்பத்தாரின் கால் மட்டுமே படலாம் என்பது ஆணை. கருவிகளை நான் ஆயத்தம் செய்துவிட்டேன். குடும்பத்தையும் அழைத்து வந்துவிட்டேன். இனி ஆணையை மீறாமல் வேலையைத் தொடங்கக்கூடியவர்கள் தாங்கள் நால்வர் மட்டுமே.”

மாறபூதி இது அவமதிப்பு என்று தொடங்கினார். அரசி அதற்குள் கயிற்றைத் தாண்டி மண்வெட்டியை எடுத்துவிட்டாள். அடுப்பு மூட்ட வந்தவள் அடுப்பு வைக்க இடம் செய்யமாட்டேனா என்றாள். பெண்கள் இருவரும் கூடைக்கு ஓடினார்கள். அரசனுக்கு வேறு வழி இல்லை. மேலாடையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுக் கடப்பாரையைப் பிடித்தான்.

இரண்டு நாழிகை வேலை நடந்தது. பிறகு சின்ன இளவரசி கூரைப்புல்லை இழுத்துப் போட்ட இடத்தில் மூன்று அடுப்புக்கல் வெளியே வந்தன. நடுவில் சாம்பல். பக்கத்தில் குழந்தைக்குக் கட்டுகிற வசம்பு வளையல் ஒன்று அறுந்து கிடந்தது. அரசி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

வேற்றுக் கால் படாத மண் என்று சொன்னவர் எவர் என்று அரசன் மாறபூதியை நோக்கினான். மாறபூதி தடுமாறி, இடத்தைத் தேர்ந்தவன் விகடகவிதானே என்றார்.

கூத்தனிடம் ஒரு விடை தயாராக இருந்தது. வேற்றுக் கால் படாத மண்ணில் கூரையைப் பிரித்தவை எந்தக் கால்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மாறபூதி அங்கேயே மாட்டிக்கொள்வார், எல்லோரும் சிரிப்பார்கள், கூத்தனின் பொய் வெளியே வராது. வாயைத் திறந்தான். அரசியின் கையில் அந்தச் சின்ன வளையல் இருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

“அரசே, நான் அன்று மேலே ஏறவில்லை. குழியும் தோண்டவில்லை. கீழே நின்று விரலைக் காட்டினேன். புகையைப் பார்த்தேன், பார்த்தும் தூங்கப் போய்விட்டேன். மாறபூதி குடிசையைப் பிரித்தது பிழைதான். ஆனால் அதைப் பிரிக்க வழிகாட்டியது என் விரல்.”

பாறை ஒதுக்கிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. அரசன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

“நம் குடும்பம் தனியாக இருக்க ஆசைப்பட்டு, இன்னொரு குடும்பத்தைத் தெருவில் விட்டிருக்கிறோம்” என்றாள் அரசி.

“நானும் பார்க்கவில்லையே” என்றான் அரசன். கொஞ்ச நேரம் கழித்துக் கொப்புளத்தை ஊதிக்கொண்டே சிரித்தான். முதலில் அது சிரிப்பு மாதிரியே இல்லை. பிறகு பெண்களின் மண் அப்பிய முகங்களைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தன் ஆணையைக் கொண்டே தன்னை மண் சுமக்க வைத்தவன் உலகத்தில் இவன் ஒருவன்தான் என்றான்.

தீர்ப்பும் அங்கேயே நடந்தது. குடிசையை மாறபூதியும் அந்த நான்கு காவலரும் தங்கள் கையாலேயே திரும்பக் கட்ட வேண்டும். நிலத்தை அரசன் சடையனுக்கு ஓலை எழுதிக் கொடுத்தான். தன் வீட்டுக்கு நீயே ஓர் இடம் காட்டு என்று அவனைக் கேட்டுக்கொண்டான். சடையன் ஓடையிலிருந்து சற்றுத் தள்ளி, வெள்ளம் வராத ஒரு மேட்டைக் காட்டினான். அங்கே குழியைத் தோண்டி மண்ணைக் கொட்டிப் பார்க்கிற வேலை கூத்தனுக்கு வந்தது. மண் மீந்தது. தந்திரத்துக்குப் பரிசு என்று சொல்லி அரசன் தன் பட்டுச் சால்வையை அவன் தோளில் போட்டான்.

அது கூத்தனுக்குத் தோளில் தங்கவில்லை. மழை விழுந்து தினை ஒரு சாண் வளர்ந்தபோது சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறினான். பொம்மி களை எடுத்துக்கொண்டிருந்தாள். சால்வையை நீட்டினான். அவள் வாங்கி, ஈரம் படாத ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

சிறிது நேரம் நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் குனிந்து, அவள் செய்வது போலவே பிடுங்கத் தொடங்கினான். நாலு பிடி ஆனதும் பொம்மி திரும்பிப் பார்த்தாள்.

“அது தெனைங்க” என்றாள். எட்டி ஒரு செடியைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். “களை இது. கிட்டக் குனிஞ்சு பாருங்க.”

அம்பலக்கூத்தன் மூக்கு மண்ணில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.