குளக்கரை ஓட்டையும் வெள்ளெலியும்

காட்டுக் குளத்தின் கரையில் ஓட்டை விழுந்துவிட்டது. பெரிய ஓட்டை இல்லை. ஒரு நாவல்பழம் நுழைகிற அளவுதான். ஆனால் அதன் வழியாகத் தண்ணீர் கரைக்கு வெளியே ஒழுகிக்கொண்டே இருந்தது.

அதை முதலில் பார்த்தது ஒரு வெள்ளெலி. கரைக்குக் கீழேதான் அதன் வளை. வளைக்குள்ளே நாலு குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. கரை உடைந்தால் முதலில் மூழ்குவது அந்த வளைதான். குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடலாம் என்றால், மேலே பருந்து வட்டம் போடுகிறது. போதாக்குறைக்கு மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

வெள்ளெலி கரைமேல் ஏறி நின்று கத்தியது.

"எல்லாரும் ஓடி வாங்க! கரை ஒழுகுது! வந்து அடைங்க!"

கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி தலையைத் தூக்கியது. "யாரு, நீயா? நீ என்ன எங்களுக்கு மேஸ்திரியா?"

சேற்றில் கிடந்த எருமை எழுந்திருக்கவே இல்லை. "சுண்டைக்காய் அளவு இருந்துக்கிட்டு அதட்டலைப் பாரு! போய்த் தலைவர்கிட்ட சொல்லுடி!"

அந்தக் காட்டுக்குத் தலைவர் மயில். தோகை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சேர்ந்து தலைவராக்கிவிட்டார்கள். வெள்ளெலி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னது.

"என்னது, ஓட்டையா? நான் தலைவரா இருக்கும்போதா?" என்று மயில் குதித்தது. "யாரு போட்டது? உடனே விசாரிக்கணும்!"

"தலைவரே, முதல்ல அடைச்சிடலாமே..."

"விசாரணை முடியாம ஒரு பிடி மண்ணு விழக்கூடாது!"

கரைமேலேயே விசாரணை நடந்தது.

"பன்னி! தோண்டுறது உன் வேலைதானே?"

"தலைவரே, நான் மூக்கை விட்டா ஓட்டையா விழும்? பள்ளம்ல விழும்! அந்த எருமைக் கொம்பை அளந்து பாருங்க!"

"என் கொம்பையா?" எருமைக்குக் கோபம் வந்துவிட்டது. "குனிஞ்சு கரையைக் குத்துறதுக்கு எனக்கு என்ன வேலைவெட்டி இல்லையா?"

"உனக்கு எங்க வேலை இருக்கு? படுத்துத்தானே கிடக்குற!"

இவர்கள் பேசப் பேச, எலி வால் அளவு ஒழுகிய தண்ணீர் எருமை வால் அளவு ஆகிவிட்டது.

உண்மையில் அந்த ஓட்டையைப் போட்டது ஒரு நண்டு. வளை தோண்டுகிற ஆசையில் கரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தோண்டிவிட்டது. இப்போது பக்கத்து வெடிப்பில் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"போட்டவன் மட்டும் கையில கிடைக்கட்டும்! ஒரு காலைக்கூட விட்டுவைக்க மாட்டேன்!" என்றது மயில்.

நண்டு தன் கால்களை எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொண்டது. இன்னும் உள்ளே நகர்ந்தது.

வெள்ளெலிக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் போட்டேன்!" என்றது.

எல்லாரும் அதன் பக்கம் திரும்பினார்கள்.

"வளை தோண்டுற சாதிதானே நானும். நான்தான் போட்டேன்னு எழுதிக்கங்க தலைவரே. விசாரணை முடிஞ்சுதா? இப்ப அடைக்கலாமா?"

மயிலுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தீங்களா, நொடியில கண்டுபிடிச்சுட்டேன்! இதோ தண்டனை. நீயே போட்டே, நீயே அடை! பிரச்சினை தீர்ந்தது!" என்று சொல்லிவிட்டு, தோகையைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

பிரச்சினை தீர்ந்துபோனது தண்ணீருக்கு மட்டும் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஒழுகியது.

வெள்ளெலி வாய் நிறைய மண்ணை அள்ளி வந்து ஓட்டையில் துப்பியது. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி அள்ளி வந்தது. மறுபடி போனது.

பன்றியும் எருமையும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒருத்தர் வேலை செய்யும்போது நின்று வேடிக்கை பார்க்காமல் போக யாருக்கு மனசு வரும்?

"ஐய! மண்ணா அது? வெறும் மணல்!" என்றது பன்றி. "களிமண்ணு போடணும், களிமண்ணு!"

'சொல்ற வாய்க்கு வந்து செஞ்சா என்ன?' என்று கேட்க வெள்ளெலிக்கு நாக்கு துடித்தது. வாயில் மண் இருந்ததால் கேட்க முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. துப்பி முடிப்பதற்குள் அதற்கு வேறு யோசனை வந்துவிட்டது. 'கூப்பிட்டப்ப வராதவங்க குறை சொல்லவாவது வந்திருக்காங்க. வந்தவரைக்கும் லாபம்!'

"அண்ணே, களிமண்ணு எங்க இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? அது உங்க மூக்குக்குத்தான் தெரியும்" என்றது.

"அதோ, அந்தத் தாழம்புதருக்கு அடியில."

"எவ்வளவு ஆழத்துல அண்ணே?"

"அட, இதுகூடத் தெரியலையா! நகரு, நகரு!" பன்றி நாலு முட்டு முட்டியது. களிமண் குவியலாக வந்து ஓட்டைமேல் விழுந்தது.

வெள்ளெலி அதன்மேல் ஏறிக் குதித்துக் குதித்து மிதித்தது. எருமைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ மிதிச்சு அது என்னைக்கு இறுகுறது!"

"எப்படி மிதிக்கணும் அக்கா?"

"குதிக்கக்கூடாதுடி. காலை ஊன்றி அமுக்கணும். தள்ளு, நசுங்கிடப் போற!" எருமை கரை இறங்கி வந்து மிதித்தது. மண் சப்பாத்திக் கல் மாதிரி இறுகியது.

"மெல்ல மிதி! என் மண்ணு அது!" என்றது பன்றி.

"உன் மண்ணா? என் காலு இல்லாட்டி உன் மண்ணு வெறும் கூழு!"

மறுபடி சண்டை. வெள்ளெலி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது. "சண்டை போடுங்க, நான் வேண்டாங்கல. ஆனா அங்க ஒரு தடவை பார்த்துட்டுப் போடுங்க."

வளை வாசலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. உள்ளே குட்டிகள் கீச் கீச் என்றன.

பன்றி அடுத்த குவியலைத் தோண்டப் போனது. எருமை மறுபடி மிதித்தது.

ஆனாலும் என்ன! மிதித்த மண்ணைப் பிளந்துகொண்டு தண்ணீர் மறுபடி பீறிட்டது. மூவரும் விழித்தார்கள்.

"எலியக்கா..." என்று ஒரு சின்னக் குரல். வெடிப்புக்குள்ளிருந்து நண்டு எட்டிப் பார்த்தது. "அங்க அடைச்சா நிக்காது. அது கடைசி முனை. வாய் உள்பக்கம், தண்ணிக்குள்ள இருக்கு."

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றது பன்றி.

"நான்... நான் போட்ட வளைதானே அண்ணே. அக்கா என் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க. அப்புறம் உள்ளே உக்கார முடியலை."

பன்றியின் முதுகு மயிர் சிலிர்த்தது. "அடப்பாவி! நீதானா?"

"அண்ணே, அவனை மிதிக்கிறதுன்னா நாளைக்கு மிதிங்க" என்றது வெள்ளெலி. "இன்னைக்கு அந்த வாய் இருக்கிற இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தம்பி, இறங்கிக் காட்டு."

நண்டு தண்ணீருக்குள் இறங்கி, சரியான இடத்தில் கொடுக்கைத் தூக்கி ஆட்டியது. பன்றி களிமண்ணைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தது. தண்ணீரில் இறங்குவது என்றால் எருமைக்குக் கேட்கவா வேண்டும்! இறங்கி நன்றாக அமுக்கியது. ஒழுகல் மெலிந்தது. சொட்டியது. நின்றேவிட்டது.

அடுத்த நிமிஷம் இடி இடித்தது. மழை பிடித்துக்கொண்டது. கரைமேல் போட்ட புது மண் கரைய ஆரம்பித்தது.

அப்போது மயில் ஓடி வந்தது. "யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யிறீங்க? எல்லாரும் தள்ளி நில்லுங்க! முதல்ல கூட்டம் போடணும்!"

யாரும் தள்ளி நிற்கவில்லை. எல்லாரும் வெள்ளெலியைப் பார்த்தார்கள்.

"எலிம்மா, மண்ணு கரையுதே! இப்ப என்ன செய்யலாம்?" என்றது எருமை.

மயில் பன்றியின் முகத்தைப் பார்த்தது. எருமையின் முகத்தைப் பார்த்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது மெல்ல வந்து, கழுத்தைத் தாழ்த்தி, வெள்ளெலியின் காதோரம் கேட்டது.

"எலிம்மா... நான் எங்க நிக்கட்டும்?"

பன்றி சிரிக்கப் பார்த்தது. வெள்ளெலி சிரிக்கவில்லை.

"தலைவரே, உங்க தோகை மாதிரி அகலமா இந்தக் காட்டுல வேற எது இருக்கு? அதை இந்தப் புது மண்ணுமேல பரப்பி உக்காருங்க. மழை விடுற வரைக்கும் நீங்கதான் கூரை!"

மயில் உட்கார்ந்தது. மழை கொட்டோ கொட்டு என்று கொட்டியது. தோகை தொப்பலாக நனைந்தது. அதற்கு அடியில் இருந்த மண் அப்படியே நின்றது.

கரை உடையவில்லை. வெள்ளெலி வளைக்குள் நுழைந்து பார்த்தது. நாலு குட்டிகளும் உலர்ந்த புல்லில், ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன.

பதவியில் இருப்பவர் அதட்டினாலும் ஆள் நகராது. தானே முதல் மண்ணைச் சுமந்து, பழிக்கு முன்னே நின்று, அவரவர் திறமையை மதித்துக் கேட்பவருக்குப் பதவி இல்லாமலே எல்லாரும் கூட வருவார்கள்.