வற்றிய ஏரியில் தெரிந்த முளைகள்

“உங்களுக்குத்தான் சேறு பிடிக்குமே! அப்புறம் எதுக்கு மதகுப் பக்கமே பார்க்கிறே?”

கொக்குக் குஞ்சு பிச்சி, நீர்க்காகக் குஞ்சு மருதியிடம் இப்படிக் கேட்டது. சண்டையாகக் கேட்கவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் கேட்டது. நாணலுக்குப் பின்னால் நின்றிருந்த நாமக்கோழியின் காதில் அது விழுந்துவிட்டது.

நாமக்கோழியின் பெயர் அல்லி. ஏரிக்கரைப் பள்ளிக்கு அதுதான் டீச்சர். பயந்த சுபாவம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொள்ளும்.

அன்று முழுவதும் அல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு உண்மை தெரியும். முன்பு ஒரு பஞ்சத்தில் ஏரி வற்றியது. மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீரும் மீனும் மிஞ்சின. கொக்குகள் கருவேலங்கட்டைகளை வரிசையாக முளையடித்து முள்வேலி போட்டன.

“கறுப்பு இறகு இந்தப் பக்கம் வரக் கூடாது!” என்றன.

வந்த நீர்க்காகங்களைக் கொத்தித் துரத்தின. அவை சேற்றுப் பக்கம் ஒதுங்கின. பிறகு மழை வந்தது. முள்ளும் மக்கிப்போனது. ஆனால் நீர்க்காகங்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவையும் தங்கள் குஞ்சுகளிடம் இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று அவற்றுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, அந்த வேலியின் முளைகள் ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டின.

“டீச்சர், அது என்ன?” குஞ்சுகள் தினமும் கேட்டன.

அல்லி பெற்றோர் கூட்டம் போட்டது. பிச்சியின் தாய் தும்பையம்மாதான் பள்ளியின் தலைவி.

“அந்தப் பழைய கதை எதுக்கு டீச்சர்? எங்க குஞ்சுங்க மனசு நோகாதா? நாங்களா வேலி போட்டோம்?”

“இல்லைங்க... ஆனா குஞ்சுங்க கேட்குதுங்க.”

“சேத்துல நின்னுக்கிட்டே உங்க குஞ்சுங்க மனசைப் பார்த்துக்கிறோம், கவலைப்படாதீங்க!” என்றது பின்வரிசையில் இறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்த மருதியின் தந்தை.

தும்பையம்மா அது காதில் விழாததுபோலக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

“சொல்லியே ஆகணும்னா சொல்லுங்க டீச்சர். பேர் மட்டும் வேண்டாம். ‘சில பறவைகள் சில பறவைகளைத் தடுத்தன.’ அவ்வளவுதான்! முடியாதுன்னா சொல்லிடுங்க. உங்க இடத்துக்கு வர முக்குளிப்பான் தயாரா இருக்கு!”

மறுநாள் காலை அல்லி அந்த முளைகளைக் காட்டி, பழைய வேலியைப் பற்றி அப்படியே பாடம் நடத்தியது.

“தடுத்தது எந்தப் பறவைங்க, டீச்சர்?”

“சில பறவைகள்.”

“தடுக்கப்பட்டது?”

“அதுவும்... சில பறவைகள்.”

அல்லி தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் தங்களுக்குள் கிசுகிசுத்தன.

பள்ளி விட்டதும் பெரியவர்கள் குஞ்சுகளை அழைத்துப் போக வந்தார்கள். மருதி நேராகத் தும்பையம்மாவின் முன்னால் போய் நின்றது.

“அத்தை, எங்களை மன்னிச்சுக்கோங்க.”

“எதுக்குடி?”

“வேலி போட்டு உங்களைத் தடுத்தது நாங்கதானாமே? அதனாலதான் எங்களைச் சேத்துல விட்டிருக்காங்கன்னு பிச்சி கண்டுபிடிச்சா. தண்டனை எப்போ முடியும் அத்தை? முடிஞ்சதும் மதகுப் பக்கம் வரலாமா?”

வயதான கொக்குகள் வானத்தில் மேகம் தேடின. தும்பையம்மா இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது.

“சரி, சரி. மன்னிச்சாச்சு. போய் விளையாடு!”

“ரொம்ப நன்றி அத்தை!” மருதி துள்ளிக்கொண்டு ஓடியது.

அல்லி நாணலை நோக்கி இரண்டடி வைத்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது. பிறகு விறுவிறுவென்று சேற்றில் இறங்கி, இருப்பதிலேயே உயரமான முளையின்மேல் ஏறி நின்றது.

“மருதி, நில்லு! வேலி போட்டது கொக்குங்க. துரத்தப்பட்டது நீர்க்காகங்க. காலையில நான் பேரைச் சொல்லலே. தப்பு செஞ்சவங்க பேரை மறைச்சா, அந்தத் தப்பு அடிபட்டவங்க தலையிலேயே போய் உட்கார்ந்துக்கும்!”

“டீச்சர்! இறங்குங்க கீழே!” தும்பையம்மா கத்தியது.

அல்லி இறங்கவில்லை. மருதி தன் தந்தையின் முகத்தைப் பார்த்தது. தந்தை விரித்த இறகை மெல்ல மடக்கி, ஆமாம் என்று தலையசைத்தது.

பிச்சி தாயின் அருகில் வந்தது.

“அம்மா, அப்போ நீங்க மருதியை எதுக்கு மன்னிச்சீங்க?”

எல்லாக் கண்களும் தும்பையம்மாவின்மேலேயே இருந்தன.

தும்பையம்மா சேற்றில் இறங்கியது. வெள்ளை இறகெல்லாம் சேறு அப்பியது. அல்லி நின்ற முளைக்கு அடுத்த முளையை அலகால் கவ்வி, கழுத்து நரம்பு புடைக்க அசைத்து அசைத்துப் பிடுங்கத் தொடங்கியது.