முந்நூறு காலடி

மழை பெரும்பாலும் சொன்ன நாளில் வந்துகொண்டிருந்த காலம் அது. ராசாக்கள் வரப்புச் சண்டையைக்கூடத் தாங்களே குதிரையேறிப் போய்த் தீர்த்துவைத்த காலம். அப்போது ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அரண்மனைச் சேவல் கூவினால் எல்லைக் காவல்காரன் கண்விழிப்பான். அவ்வளவுதான் நாடு.

அந்த நாட்டின் மேட்டுக்காட்டில் இரண்டு தோட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன. மேற்கே இருந்தது சென்னியப்பனுடையது. கிழக்கே இருந்தது பாவாத்தாளுடையது. நடுவே ஒரு முள்வேலி.

சென்னியப்பனுக்கு முப்பது வயது. எந்த வீட்டு வாசலிலும் குனியாமல் நுழைய முடியாத உயரம். ஏழு வயதில் அப்பா வஞ்சியப்பனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். அம்மா இருந்து வளர்த்தாள். அவளும் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பாவாத்தாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கணவன் இல்லை. ஒரே மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒண்டியாகச் சோளம் விதைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோட்டத்தில் கிணறு கிடையாது. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு, கடவு என்பார்கள். அதன் வழியாக வந்து சென்னியப்பன் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்துக்கொள்வாள். வஞ்சியப்பன் காலத்து ஏற்பாடு அது. அதற்குப் பதிலாக, வேலி அடைக்கிற வேலை அவளுடையது. கறையான் முள்வேலியை வருடம் தாண்ட விடாது அல்லவா? ஆடி பிறந்ததும் அரித்த முள்ளைத் தள்ளிவிட்டுப் புதுமுள் அடைப்பாள்.

சென்னியப்பன் அவளை அத்தை என்று கூப்பிடுவான். ரத்த உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த உறவு.

இப்படி இருந்த இடத்தில்தான் சனி புகுந்தது.

ஒரு நாள் சென்னியப்பன் மாட்டுக்கொட்டகை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. தோளில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, செருப்புக் காலைக் குதியும் விரலும் தொடத் தொட வைத்து, அவர் எண்ணிக்கொண்டே நடந்த நாள் அது. "கெணத்து மேட்டுல இருந்து வேலி வரைக்கும் முந்நூறு காலடி. மறந்தராத கண்ணு" என்றார். அந்தத் தோளில் உட்கார்ந்து பார்த்தபோது உலகமே கீழே கிடந்தது.

சரி, அளந்துதான் பார்ப்போமே என்று கிணற்று மேட்டில் நின்றான். குதியும் விரலும் தொடத் தொட வைத்து நடந்தான். இருநூற்று அறுபத்திரண்டில் வேலி வந்துவிட்டது.

தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி நடந்தான். இருநூற்று அறுபத்திரண்டு. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மூன்றாம் முறை நடந்தான். அதே இருநூற்று அறுபத்திரண்டு.

முப்பத்தெட்டு காலடி எங்கே போயிற்று? வேலிக்குக் கால் இல்லை. அதை வருடா வருடம் எடுத்து அடைக்கிறவளுக்குக் கை இருக்கிறது.

நேரே போய்க் கேட்டான். "அத்தை, வேலி நகந்திருக்குது."

பாவாத்தாளின் முகம் மாறியது. களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "நகந்திருந்தா என்ன கண்ணு. உனக்கு எங்க வேணுமோ அங்க போட்டுக்க" என்றாள்.

அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சந்தேகம் பாதி குறைந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றே அவன் நினைத்தான். "திருடுனதத் தானமாக் குடுக்கறயா? திருடுனேன்னு ஒத்துக்க, அது போதும்."

"மண்ணு வேணும்னா எடுத்துக்க. திருடுனேன்னு மட்டும் என்ற வாயில வராது."

அன்றோடு பேச்சு நின்றது. முதலில் அத்தை என்று கூப்பிடுவதை விட்டான். அடுத்து, அவள் வேலிமேல் வைத்துவிட்டுப் போன அவரைக்காயை எடுக்காமல் வாட விட்டான். மூன்றாவதாகக் கடவில் முள்ளை இழுத்துப் போட்டு அடைத்தான். பாவாத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். ஓடை கால் காத தூரம். ஏற்றத்தில் அவள் இரண்டு இடத்தில் நின்று நின்று வருவதை அவன் பார்த்தான். அவனுக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் முள்ளை எடுக்கவில்லை.

வழக்கு ராசாவிடம் போயிற்று.

அந்த நாட்டில் வேலி நகர்த்துவது பெரிய குற்றம். நகர்த்தித் திருடியவள் என்று தீர்ப்பானால், அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புத் தர மாட்டார்கள், தண்ணீர் தர மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். தனியாக வாழும் கிழவிக்கு அது ஊரைவிட்டுப் போ என்று சொல்வதுதான். பொய்யாகக் குற்றம் சொன்னவனுக்கும் அதே தண்டனை உண்டு. சென்னியப்பனுக்குப் பயமில்லை. எண்ணிக்கை அவன் பக்கம் இருந்தது.

ராசா குதிரையை வேப்பமரத்தில் கட்டிவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். ஊரே கூடியது. சென்னியப்பன் முந்நூறையும் இருநூற்று அறுபத்திரண்டையும் சொன்னான். ராசா கிழவியைப் பார்த்தார்.

"வேலியை நகத்துனயா?"

"நகத்துனேனுங்க."



"யாராவது நகத்தச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் நகத்துனேன்."

"எந்தப் பக்கம் நகத்துன?"

இந்தக் கேள்விக்குப் பாவாத்தாள் வாய் திறக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சின்ன நாட்டு ராசாவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பதில் வராத கேள்வியை அடுத்தவரிடம் திருப்பிவிடுவார். சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "முந்நூறு காலடின்னியே, யாரோட காலு?"

"எங்க அய்யன் காலுங்க."

"இருநூத்தி அறுபத்திரெண்டு?"

"என்ற காலுங்க."

"உங்கய்யன் எப்படி இருப்பாரு?"

சென்னியப்பன் நிமிர்ந்தான். "மலையாட்ட இருப்பாருங்க. அவரு தோள்ல ஏறுனா வேப்பங்கொம்பு எனக்குக் கைக்கெட்டும்." சொல்லும்போதே அவன் குரல் ஏழு வயதுக்குப் போய்விட்டது.

கூட்டத்தில் இருந்த வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ராசா மட்டும் மெதுவாகக் கேட்டார். "அவரு பொருள் ஏதாச்சும் வீட்டுல இருக்குதா?"

இருந்தது. அம்மா பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருந்த செருப்பு. அவள் போன பிறகும் அதைப் பிரித்துப் பார்க்க அவனுக்கு மனசு வந்ததில்லை. போய் எடுத்துவந்து, எல்லோர் முன்னாலும் பிரித்தான்.

சின்னஞ்சிறு செருப்பு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் போட்டுக்கொள்ளலாம். சென்னியப்பன் அதில் காலை வைத்துப் பார்த்தான். குதிகால் வெளியே தொங்கியது. மலை என்று நினைத்திருந்த அப்பா அவன் தோளளவுகூட இருந்திருக்க மாட்டார். குழந்தைக்கு அதுவே மலையாக இருந்திருக்கிறது. அவன் கண்ணில் நீர் முட்டியது. அந்தச் சின்ன மனிதர்மேல் அன்றைக்குத்தான் அவனுக்குப் பாசம் பொங்கியது.

"அதால அள" என்றார் ராசா.

மண்டியிட்டு, செருப்பை மாற்றி மாற்றி வைத்து அளந்தான். ஊர் கூடவே எண்ணியது. நூறு. இருநூறு. முந்நூறும் வந்தது. ஆனால் வேலி வரவில்லை. வேலி இன்னும் இருபது செருப்பு தள்ளி, பாவாத்தாளின் மண்ணுக்குள் நின்றது.

அவள் நகர்த்தியது உண்மைதான். அவனை நோக்கி அல்ல, தன்னை நோக்கி.

"ஏன்?" என்றார் ராசா. இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இவங்கய்யன் போனப்ப இவனுக்கு ஏழு வயசுங்க. இவங்காத்தா ரோசக்காரி. கூழு குடுத்தா வாங்க மாட்டா. மண்ணுன்னா தெரியாமக் குடுத்தரலாமேன்னு, ஆடிக்கு ஆடி ஒரு ஏர்ச்சால் அகலம் உள்ள தள்ளி அடைச்சேன். பையன் வளர வளர வயிறும் வளருமல்லங்க. ஏர் புடிக்கற வரைக்கும் பன்னெண்டு வருசம் தள்ளுனேன். அப்பறம் நிறுத்திட்டேன்."

"அவங்காத்தாளுக்குத் தெரியாதா?"

"ஒண்ணுமே கேட்டுக்கலீங்க. ஆனா அறுப்பு முடிஞ்சா வேலிமேல ஒரு கட்டுக் கதிரு வெச்சுட்டுப் போவா."

சென்னியப்பனுக்கு அந்தக் கதிர்க்கட்டு ஞாபகம் இருந்தது. யாருக்கம்மா என்று கேட்டிருக்கிறான். கிளிக்கு என்று சொல்லியிருக்கிறாள். அவள் செத்த பிறகு, கிளிக்கு எதற்கு இத்தனை என்று அவன்தான் நிறுத்தினான்.

வேறு யாரும் பேசும் முன் அவன் கடவுக்கு ஓடினான். அடைத்த முள்ளை வெறுங்கையால் பிடுங்கினான். கை கிழிந்தது. பாவாத்தாள் தன் கவைக்கோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "முள்ளக் கையில புடிக்கப்படாது. கோல்ல தள்ளோணும்" என்று அதைக் கொடுத்தாள்.

"அத்தை" என்றான் அவன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பொய்க்குற்றத்துக்கு உண்டான தண்டனையை என்ன செய்வது என்று ராசா அவளையே கேட்டார். "நெருப்பு தண்ணி நிறுத்தறதுங்களா? கெணறு அவனுதுங்களே ராசா. நிறுத்துனா எனக்குத்தான் நாக்கு வறளும்" என்றாள். ராசா சிரித்துக்கொண்டே குதிரையை அவிழ்த்தார். வேலி முந்நூறாவது செருப்புக்குத் திரும்பியது. அவள் வேண்டாம் வேண்டாம் என்றதை அவன் கேட்கவில்லை.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த ஆடியில், "உனக்கு வயசாயிருச்சு அத்தை, முள்ள நானே அடைக்கறேன்" என்றான் சென்னியப்பன். அடைத்தான். அதற்கடுத்த ஆடியிலும் அடைத்தான். மூன்றாம் வருடம் பாவாத்தாளின் தோட்டத்தில் மூன்று சால் சோளம் கூடுதலாக விளைந்து நின்றது. அவள் சாலை எண்ணினாள். வேலியைப் பார்த்தாள். ஒன்றுமே கேட்டுக்கொள்ளவில்லை.

அறுப்பு முடிந்த அன்று வேலிமேல் ஒரு கட்டுக் கதிரை வைத்துவிட்டுப் போனாள். யாருக்கு அத்தை என்று கேட்டதற்குக் கிளிக்கு என்றாள்.

பக்கத்துத் தோட்டத்தார்மேல் குறை சொல்லும் முன், நாம் எந்தக் காலால் அளக்கிறோம் என்று ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.