தகடு மாற்றும் இடம்

பால் வாங்கத் தூக்குவாளியோடு கிளம்பிய செம்புலிங்கம், பால்காரர் வீட்டுச் சந்தில் திரும்பவில்லை. நேரே நடந்தார். மலையடிவாரத்தில் இசக்கியம்மையின் குடில் வந்த பிறகுதான் நின்றார். ரயில் பாதையிலேயே காலம் கழித்த கால்கள். அவற்றுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?

இசக்கியம்மை முற்றத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். செம்புலிங்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவர்தான் குரு.

"தாயி, எனக்குக் காவி குடுங்க. இன்னைக்கே குடுத்திருங்க."

"என்ன அவசரம் அண்ணாச்சி? ரயிலா கிளம்பிரும்?"

"ரயில் போனா அடுத்தது வரும். எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு."

"யாரு பயங்காட்டுனது?"

செம்புலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் இல்லாத பட்டுச் சால்வையை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். அடுத்த நொடி, போன வாரம் கோயிலில் பிரசங்கம் செய்தவர் அப்படியே முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஓ மானிடா! பெண்டாட்டி என்றாய், பிள்ளை என்றாய், பேரன் என்றாய்! இறைவனைத் தேடி ஓரடி, ஒரே ஓரடி எடுத்து வைத்தாயா? சொல்! தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் தூக்கிவை. சொல் மானிடா!"

இசக்கியம்மை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த மொச்சை சிதறியது.

"சிரிக்காதிய தாயி. அன்னையிலருந்து உறக்கமே இல்ல. யோசிச்சுப் பார்த்தேன். நான் நடந்தது பூரா தண்டவாளத்து ஓரம். லீவு கிடைச்சா பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஓடைக்குப் போயிருவேன், நண்டு பிடிக்க. வீட்டுக்காரி கோமு மூணு கல்லை வச்சு அடுப்பு மூட்டிருவா. இருவாச்சிப் பறவை றெக்கையடிச்சுப் பறக்குற சத்தம் கேட்டிருக்கியளா?"

கேட்டிராவிட்டாலும் இப்போது கேட்டாக வேண்டும். உதட்டைக் குவித்து அவர் 'வ்வூஷ், வ்வூஷ்' என்றதில் கூரைமேல் இருந்த காகம் பறந்தோடியது.

"வீடு, காடு, பாதை. இவ்வளவுதான் தாயி. ஒரு குறையும் இல்லாம சந்தோசமா இருந்துட்டேன். அதான் பயமா இருக்கு."

இசக்கியம்மை ஒரு பிடி மொச்சையை அவர் பக்கம் தள்ளினார். செம்புலிங்கம் தன்னை அறியாமல் உரிக்க ஆரம்பித்தார்.

"பாதையில என்ன வேலை?"

"மழைக்காலத்துல ரோந்து. மலைப்பாதை பாருங்க, மண்ணு சரியும், பாறை உருளும். ரயில் வாரதுக்கு முந்தி நாங்க நடந்து பார்க்கணும். ஆளுக்கொரு எல்லை. என் எல்லை முடியுற இடத்துக்கு அடுத்த எல்லைக்காரன் எதுக்கால வருவான். என் கையில இருக்குற நம்பர் தகட்ட அவன்கிட்ட குடுப்பேன். அவன் தகட்ட நான் வாங்கிக்குவேன். திரும்பிப் போய்க் காட்டணும். கடைசிவரை நடந்தோம்ங்கறதுக்கு அதான் சாட்சி."

"எதுக்கால வந்தது யாரு?"

"வேலாயுதன், மலையாளத்தான்." செம்புலிங்கத்தின் குரல் அவனைப் போலவே இழுபட்டது. "'எந்தா செம்புலிங்கம், வழி சரியாணோ?' இதுக்குமேல ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆளுக்கொரு பீடி. அவன் அங்கிட்டு, நான் இங்கிட்டு."

"அவரு ஒருநா வரலைன்னா?"

"காத்திருக்கணும்."

"அப்பவும் வரலைன்னா?"

"திரும்பக் கூடாது தாயி. அவன் எல்லைக்குள்ள இறங்கி நடக்கணும். அவன் கண்ணுல படுற வரைக்கும் நடக்கணும். அதான் சட்டம்."

"நடந்திருக்கியளா?"

"நான் நடக்கல. எனக்காக அவன் நடந்தான். ஒரு மழையில பாலத்துக்கிட்ட வழுக்கி விழுந்து காலு முறிஞ்சுபோச்சு. கத்துனேன். மழைச் சத்தத்துல எனக்கே கேக்கல. யானை மாதிரி பிளிறிக்கூடப் பார்த்தேன். அதைக் கேட்டா எவன் கிட்ட வருவான்? அப்போ தூரத்துல ஒரு வெளிச்சம். 'செம்புலிங்கம்... ஏய் செம்புலிங்கம்...'"

இந்த முறை வேலாயுதன் குரல் சரியாக வரவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சாரு?" என்றார் இசக்கியம்மை.

"வேற எங்க தேடுவான்? என் எல்லையிலதான!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கோமு.

"பால் வாங்கப் போனியளா, மாடு வாங்கப் போனியளா?"

செம்புலிங்கம் தூக்குவாளியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். "நான் இங்கன இருக்கேன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? டீக்கடையில ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பேசுனியளாம். பூக்காரிகிட்ட மயிலு மாதிரி அகவுனியளாம். உங்களத் தேட போலீசா வேணும்?"

"காவி கேக்க வந்தேன் கோமு."

கோமு குடையை மடக்கினாள். பிறகு திண்டாடித் திண்டாடி அதன் பொத்தானைப் போட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மொச்சையை எடுத்தாள்.

"வாங்குறதுன்னா வாங்குங்க. சாயம் போகாத துணியாப் பார்த்து வாங்குங்க. துவைக்கப்போறது நாந்தான்."

மூன்று பேரும் மொச்சை உரித்தார்கள்.

கடைசியில் செம்புலிங்கம்தான் தாங்க மாட்டாமல் கேட்டார். "தாயி, மெய்யாவே கேக்கேன். நான் சாமியைத் தேடி ஓரடிகூட வைக்கலையே. என்னை ஏத்துக்கிடுவாரா?"

"நீங்க வரலையேன்னு அவரு தேடிக்கிட்டு வந்தா?"

"தேடிக்கிட்டா? எங்க தேடுவாரு?"

இசக்கியம்மை தொண்டையைச் செருமினார். வந்த குரல் அச்சு அசலாகச் செம்புலிங்கத்தின் குரல்.

"வேற எங்க தேடுவாரு? என் எல்லையிலதான!"

செம்புலிங்கம் கோமுவைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.