கொடுப்பவர் தின்னும் முதல் வாய்

ஒரு பெரிய ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு காடுகள் இருந்தன. வடகரைக் காட்டுக்குக் கரியன் என்ற காட்டெருமை தலைவன். தென்கரைக் காட்டுக்குப் பெரியநாச்சி என்ற யானை தலைவி.

வடகரையில் உப்பு மண் ஏராளம். ஆனால் கோடை வந்தால் தின்னப் பழம் கிடையாது. தென்கரையில் பலாவும் மாவும் அத்தியும் காய்த்துக் கொட்டும். ஆனால் நக்கிப் பார்க்கக்கூட உப்பு கிடையாது. அதனால் இரண்டு காடுகளும் ஆற்றின் நடுவிலிருந்த மணல்திட்டில் பண்டம் மாற்றிக்கொண்டன. வடகரைக் கரடிகள் உப்புக் கட்டிகளைக் கொண்டுவரும். தென்கரைக் குரங்குகள் பழம் சுமந்து வரும். திட்டைத் தாண்டி யாரும் அடுத்த கரைக்குப் போவதில்லை.

அங்கே ஒரே ஒரு வழக்கம்தான் இருந்தது. கொடுப்பவர், தான் கொண்டுவந்ததில் ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போவார். எத்தனையோ கோடைகள் அப்படியே நடந்தன.

ஒரு கோடையில் வடகரைக் கரடிக்குட்டி ஒன்று வயிற்றுவலியால் துடித்தது. ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொட்டையோடு விழுங்கினால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் நரி நேராகக் கரியனிடம் ஓடியது.

"தலைவரே, அந்தக் கரைப் பழத்துல ஏதோ இருக்கு. நாலு நாள் வச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ளே விடணும். அந்தச் சோதனைய நானே பார்த்துக்கறேன்."

கரியன் நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் வந்து பேசுகிறார்களோ அவர்களை நம்பிவிடுவான். ஆற்றோரம் முள்வேலி போட்டு ஒரு பட்டி அமைத்தான். வந்த பழமெல்லாம் அதற்குள் நாலு நாள் கிடந்தது. நரி நல்ல பழமாகப் பார்த்துச் சோதனை செய்தது. சோதனை செய்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிற்று. மிச்சம் அழுகியது.

செய்தி தென்கரைக்குப் போனதும் பெரியநாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நம் பழத்தை நாலு நாள் வைத்தால், அவர்கள் உப்பை நாம் ஏழு நாள் வைப்போம் என்று உத்தரவு போட்டாள். உப்புக் கட்டிகள் திட்டிலேயே குவிந்து கிடந்தன. ஐந்தாம் நாள் கோடை மழை கொட்டியது. ஏழாம் நாள் எடுக்கப் போன குரங்குகள் ஈர மணலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பின.

அதன்பிறகு வடகரையிலிருந்து உப்பும் வரவில்லை, தென்கரையிலிருந்து பழமும் போகவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பெரிய உடம்புகளுக்குள் எவ்வளவு சின்னப் புத்தி!

தென்கரையில் செம்பி என்ற கடமான் அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தாள். பல நாளாக உப்பு நக்காததால் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு முட்டுவதற்கும் தெம்பில்லாமல் படுத்துவிட்டது.

செம்பி பெரியநாச்சியிடம் போய் முறையிட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் பொறு. அவங்களே வழிக்கு வருவாங்க" என்றாள் பெரியநாச்சி.

"ரெண்டு நாள் என் குட்டி தாங்காதும்மா."

செம்பி குட்டியை, தன்னைப் போலவே பால் வற்றித் தன் குட்டியோடு கிடந்த பக்கத்து மானிடம் ஒப்படைத்துவிட்டு ஆற்றில் இறங்கினாள். யாரும் தாண்டாத மணல்திட்டைத் தாண்டினாள். வடகரையில் ஏறியதும் கரியன் வழிமறித்தான். யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தாய் என்று அதட்டினான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு பட்டிக்குள் நுழைந்தாள். ஈ மொய்த்துக் கிடந்த பலாச்சுளைகளில் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள்.

"கொடுக்கறவங்க முதல்ல தின்னு காட்டணும். இது எங்க காட்டுப் பழம். நாங்க கொடுத்தப்போ அழுகியிருக்கல. ஆனாலும் தின்னுட்டேன். இப்ப உப்பு கொடுங்க அண்ணே. என் குட்டிக்குப் பால் இல்ல."

கரியன் பட்டியைத் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு வெளியே வடகரைக் குட்டிகள் பசியோடு நின்றுகொண்டிருந்தன. அன்று வயிற்றுவலி கண்ட கரடிக்குட்டியும் அவற்றில் ஒன்று. அதற்கு வலி என்றைக்கோ போய்விட்டது, இப்போது இருந்தது பசிதான். அந்தக் கரையிலேயே நரியின் வயிறு மட்டும் நிரம்பியிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

அவன் கொம்பால் வேலியைக் குத்திப் பிய்த்து எறிந்தான். நரி தலைதெறிக்க ஓடியது. கரியன் பெரிய உப்புக் கட்டி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, செம்பியோடு தானே ஆற்றைக் கடந்தான்.

தென்கரையில் பக்கத்து மான் தலைகுனிந்து நின்றிருந்தது. குட்டி அசையவில்லை. செம்பி அதை நெடுநேரம் நக்கிக்கொடுத்தாள். அது எழவே இல்லை.

கரியன் உப்புக் கட்டியை அவள் முன்னால் வைத்தான். பழைய வழக்கப்படி ஒரு வாய் தின்று காட்டினான். செம்பி அந்தக் கட்டியை மூக்கால் பக்கத்து மானிடம் தள்ளினாள்.

"நீ நக்கு. உன் குட்டி இன்னும் உயிரோட இருக்கு."

பெரியநாச்சி மெதுவாக நடந்து வந்தாள். எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "பொறுன்னு சொன்னது நான்தான்." அத்திக் கிளையொன்றை ஒடித்து, ஒரு வாய் தின்றுவிட்டு, மீதியைக் கரியன் முன்னால் வைத்தாள்.

அன்றே இருவரும் மணல்திட்டில் கூடிப் பேசினார்கள். இனி ஏதாவது சந்தேகம் வந்தால், இரண்டு காட்டுத் தலைவர்களும் அன்றைக்கே திட்டுக்கு வந்து சேர்ந்து தின்று பார்க்க வேண்டும், பண்டம் ஒரு பொழுதும் காத்துக் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். குட்டி ஈன்ற தாய் எந்தக் கரையைச் சேர்ந்தவளாக இருந்தாலும் நேராக உப்பு மண்ணுக்கே போகலாம் என்றும் சொன்னார்கள். அந்த வழியில் முதலில் கால் வைத்தவள் செம்பி. அடுத்த கோடையில் அவள் இன்னொரு குட்டியோடு அதே வழியாக வடகரைக்குப் போனாள். கரியன் ஒதுங்கி வழிவிட்டு, அவள் போய் மறையும்வரை தலைகுனிந்து நின்றான்.

அண்டை நாட்டோடு உள்ள கொடுக்கல் வாங்கலைச் சந்தேகத்தாலும் வீம்பாலும் நிறுத்துகிறவர்களின் பிழைக்கு இரு பக்கத்துக் குழந்தைகளும்தான் விலை கொடுக்கிறார்கள்.